பழைய டாடா மெர்சிடிஸ் லாரி: சேஸ் வெல்டிங் ஒட்டு மோசம், மேலே இன்னொரு வெல்டிங் கோட்டு போட்டால் போதுமா?

மண்டபம் லாரி:
அப்பா மீன் லோடு அடித்த வண்டி, டாடாவும் பென்ஸும் சேர்ந்து வண்டி விட்ட காலத்தது, இன்ஜின் இன்னும் சுத்தமாக ஓடுகிறது. சின்ன பாடி கட்டலாம் என்று சேஸை நடுவில் நறுக்கி இரண்டடி குறைக்கக் கொடுத்தேன். ஆடி மாதம், திறந்தவெளியில் சிஓடூ வெல்டிங் வைத்தார்கள். இப்போது பார்த்தால் ஒட்டு முழுக்க ஊசித் துளை, ஓரத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம், இடது பக்கம் கீழ்ப் பட்டையில் மயிரிழையாக ஒரு துருக்கோடு. பட்டறையில் "கிரைண்டர் போட்டு மேலே இன்னொரு கோட்டு ஓட்டிடலாம்" என்கிறார்கள். விடலாமா அண்ணே?

கீழக்கரை பட்டறை:
விடாதீங்க தம்பி. கச்சான் காற்று அடிக்கிறபோது வெளியில் சிஓடூ வைத்தால் உருகின இரும்பை மூடிக் காக்கிற கேஸ் பறந்துவிடும், அந்தத் துளை எல்லாம் அதனால் வந்ததாகத்தான் இருக்கும். மேலே கோட்டு போட்டால் துளை மூடும், அடியில் பிடிக்காதது பிடிக்காமலே இருக்கும், லோடு ஏற்றி பள்ளத்தில் இறக்கினால் அங்கேயே விடும். முதலில் டை பெனிட்ரன்ட், அதாவது விரிசல் காட்டுகிற சாயம், வாங்கி அந்தத் துருக்கோட்டில் அடிங்க. சிவப்பு சாயம் அடித்து பத்து நிமிஷம் விட்டு நன்றாகத் துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பர் அடித்தால், விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாக மேலே வரும். விரிசல் வந்தாலும் வராவிட்டாலும் அந்த ஒட்டு முழுதையும் பச்சை இரும்பு தெரிகிற வரை தோண்டி எடுத்துடணும்.

மண்டபம் லாரி:
தோண்டிய பிறகு திரும்ப சிஓடூவா, ராடா?

கீழக்கரை பட்டறை:
ராடுதான், 7018 என்கிற நம்பர் வெல்டிங் ராடு, டிசி மெஷினில். ஆனால் பாக்கெட் உடைத்து வைத்த ராடு நம்ம கடல் காற்றில் ஈரம் இழுத்துக்கொள்ளும், அதை அப்படியே ஓட்டினால் ஒட்டு ஆறின பிறகு உள்ளே விரிசல் விடும். புது பாக்கெட் எடுங்க, இல்லையென்றால் ராடு ஓவனில் 300 டிகிரி வாக்கில் ஒரு மணி நேரம் சுட்டு எடுக்கச் சொல்லுங்க. வெட்டு முனை இரண்டையும் சாய்த்து 'V' வடிவில் பள்ளம் போட்டு, நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு, அடிவரை உருக்கி நிரப்பணும். ஒவ்வொரு கோட்டுக்கும் மேலே படிகிற கசடை, சிலாக்கை, சுத்தமாகத் தட்டிவிடணும். அதற்கு முன்னால் சேஸை நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி காய வைங்க, பேட்டரி வயரையும் கழற்றிடுங்க.

தொண்டி டிரைவர்:
ஒட்டு மட்டும் போதாது. செங்குத்தாக நறுக்கியிருந்தால் சுமை எல்லாம் அந்த ஒரே கோட்டில் விழும். உள்பக்கம் பிளேட் வைத்துப் பிடிக்கணும், பிளேட்டின் முனையைச் சாய்வாக வெட்டணும், நேராக விட்டால் அந்த முனையில் இரும்பு கிழியும். சேஸின் மேல் பட்டை, கீழ்ப் பட்டை ஓரத்தில் குறுக்கே வெல்டு வைக்க விடாதீங்க, பிளேட்டை வெப் பக்கம், அதாவது இரண்டு பட்டைக்கும் நடுவே செங்குத்தாக நிற்கிற தகட்டில், மட்டும் ஹைடென்சில் (அதிக வலுவுள்ள) போல்ட்டில் முறுக்கலாம். நீளம் குறைத்தது ஆர்டிஓவில் பதிவாகி இருக்கிறதா என்றும் பாருங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்ற விடாது.

மண்டபம் லாரி:
சரி அண்ணே. டை வாங்கி நாளைக்கே அடித்துப் பார்த்து போட்டோ போடுகிறேன். உச்சிப்புளிப் பக்கம் 7018 நன்றாக ஓட்டுகிற கை யாராவது தெரிந்தால் சொல்லுங்க.