மலைச்சரிவில் இறங்கும்போது பழைய முழங்கால் காயம் வலிக்கிறது: நடையை நிறுத்திவிட வேண்டுமா?

கோத்தகிரிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 54. இளமையில் எங்கள் ஊர்க் கால்பந்து அணியில் ஆடியவன். ஒரு போட்டியில் ஈர மண்ணில் பாதம் ஊன்றி நின்றுவிட, உடல் மட்டும் திரும்பியதால் இடது முழங்கால் முறுக்கிக்கொண்டது. வீக்கம் வடிந்ததும் மீண்டும் ஆடத் தொடங்கினேன். அதன்பின் நெடுங்காலம் அது தொல்லை தரவில்லை.

இப்போது நிலைமை வேறு. எங்கள் வீடு சாலைக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்தின் நடுவே இருக்கிறது. கற்படிகளில் ஏறும்போது மூச்சு வாங்குகிறதே தவிர வலி இல்லை. இறங்கும்போதுதான் முட்டிச்சில்லுக்குப் பின்னால் சுருக்கென்று வலிக்கிறது. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி காலைகளில் எழுந்தவுடன் பத்து நிமிடம் காலை மடக்கவே முடிவதில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் ஜவ்வு சற்றுக் கிழிந்திருப்பதாகச் சொன்னார்கள். அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளலாம் என்கிறார் மருத்துவர். நடப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள் வீட்டில். மலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு நடக்காமல் இருப்பது பெரிய தண்டனை. இதே நிலையில் இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

குன்னூர் பிசியோதெரபிஸ்ட்:

ஐயா, வணக்கம். உங்களை நேரில் பரிசோதிக்காமல் முடிவாக எதையும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் விவரித்திருக்கும் வலியோடு வருபவர்களை இந்த மலையில் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஏறும்போது இல்லாத வலி இறங்கும்போது வருவதற்குக் காரணம் உண்டு. சமதளத்தில் நடக்கும்போது முழங்கால் மூட்டின்மேல் விழும் விசை உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது அது சுமார் மூன்றரை மடங்காகிறது. அந்த நேரத்தில் தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். பழைய காயத்துக்குப் பின் அந்தத் தசை முழு வலிமையை மீட்டுக்கொள்ளாமலே பலர் ஆட்டத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். இளமையில் உடல் அதை ஈடுகட்டிவிடுகிறது. வயதாக ஆகத் தசை தானாகவே குறைந்துகொண்டு வருவதால், அன்று மறைந்திருந்த குறை இன்று வெளியே தெரிகிறது. எனவே நடையை நிறுத்துவது நோயை வளர்ப்பதாகவே முடியும். தசை இன்னும் மெலியும், வலி இன்னும் கூடும்.

எம்.ஆர்.ஐ. முடிவைக் கண்டு கலங்க வேண்டாம். ஐம்பது வயதைக் கடந்தவர்களில், வலியே இல்லாத பலருக்கும் மெனிஸ்கஸ் எனப்படும் அந்த ஜவ்வில் கிழிசல் தெரியும். பின்லாந்தில் நடந்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், தேய்மானத்தால் வந்த கிழிசலைத் துளைவழி அறுவைச் சிகிச்சையில் செதுக்கி எடுத்தவர்களையும், தோலில் துளையிட்டு ஜவ்வைத் தொடாமல் விட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டுக்குப் பின் இரு தரப்பினரின் வலியிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூட்டு பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போவது, நடக்கும்போது கால் திடீரென்று மடங்கிவிடுவது ஆகியவை இருந்தால் அது வேறு கதை. அப்போது அறுவை நிபுணரின் கருத்து அவசியம். காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்கினால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்குள் விட்டுப்போவது தேய்மான வலியின் இயல்பு. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் முடக்குவாதம் இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பயிற்சியை இப்படித் தொடங்கலாம். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். உட்காரும்போது மூன்று எண்ணும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். அது எளிதானபின், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு சாண் உயரத்துக்கும் குறைவான படியில் வலிக்கும் காலால் நின்று, மறு பாதத்தின் குதிகால் தரையை மெல்லத் தொடும்வரை இறங்கி, மீண்டும் நிமிருங்கள். உங்கள் தோட்டப்படிகள் கேட்பதும் இதே வேலையைத்தான். வாரத்துக்கு மூன்று நாட்கள் போதும். செய்யும்போது இலேசான வலி இருந்தால் அஞ்ச வேண்டாம். மறுநாள் காலை வலியோ வீக்கமோ கூடியிருந்தால் மட்டும் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். பலர் மூன்றாவது வாரத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள் என்பதே என் வருத்தம்.

கொடைக்கானல் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்:

தம்பி, அந்த அம்மையார் சொன்னவை அனைத்தும் சரி. நான் சேர்ப்பது கொஞ்சம்தான். இறங்கும் வழியைக் குறையுங்கள், நடையைக் குறைக்காதீர்கள். இங்கே ஏரியைச் சுற்றி ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் சமமான பாதை இருப்பதால், முழங்கால் வலியுள்ள என் பழைய மாணவர்களை அங்கேதான் நடக்கச் சொல்கிறேன். பழனிக்கு வேண்டுதலோடு போகிறவர்கள் 693 படிகளையும் ஏறிவிட்டு, திரும்பும்போது விஞ்சிலோ ரோப் காரிலோ இறங்கினால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். அதற்கும் வழியில்லாத இடத்தில், வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் தடி பிடித்துக்கொண்டு, இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் வையுங்கள். ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள்.

குளிரில் மூட்டு தேய்வதில்லை, இறுகத்தான் செய்கிறது. படுக்கையிலேயே போர்வைக்குள் முழங்காலைப் பலமுறை மடக்கி நீட்டிவிட்டு எழுந்தால் அந்தப் பத்து நிமிடத் துன்பம் பாதியாகும்.

உதகை ஹாக்கி வீராங்கனை:

அண்ணா, கல்லூரி நாட்களில் ஹாக்கி ஆடிக் கணுக்கால் பலமுறை பிசகிய எனக்கும் இதே போராட்டம்தான். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கப் பழகியதுதான் எனக்கு மிகவும் உதவியது. கணுக்கால் உறுதியானபின் மேடுபள்ளத்தில் முழங்கால் ஆடுவதும் குறைந்தது.

தைலம் பற்றி ஒரு வார்த்தை. நம் கடைகளில் விற்கும் விண்டர்கிரீன் தைலம் இதமாகத்தான் இருக்கும். ஆனால் அதில் உள்ள மெத்தில் சாலிசிலேட் தோல் வழியாக உடலுக்குள் செல்லும். வார்பரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தேய்க்கக் கூடாது. தேய்த்த இடத்தில் உடனே வெந்நீர்ப் பை வைத்தால் தோல் வெந்துவிடும். என் உறவினர் ஒருவருக்கு முழங்காலில் கொப்புளமே வந்துவிட்டது.

கோத்தகிரிக்காரன்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு ஐயங்கள் மீதம் இருக்கின்றன. முழங்காலுக்கு உறை போட்டுக்கொள்ளலாமா? எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. வலி அதிகமான நாளில் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?

குன்னூர் பிசியோதெரபிஸ்ட்:

உறை போடலாம் ஐயா. அது மூட்டைத் தாங்குவதைவிட, வெதுவெதுப்பையும் நம்பிக்கையையும் தருகிறது. இறக்கத்தில் அணிந்துகொண்டு வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். மாத்திரையைத் தயவுசெய்து நீங்களாக வாங்காதீர்கள். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்றவை இரத்த அழுத்தத்தைக் கூட்டும். வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். முழங்கால் போன்ற தோலுக்கு அருகிலுள்ள மூட்டுக்கு டைக்ளோபினாக் களிம்பே முதலில் போதும். அதையும் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். உடல் எடை கூடுதலாக இருந்தால், குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அடுத்த முறை வரும்போது எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ஜவ்வைத் தவிர, மூட்டுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் முன் சிலுவைத் தசைநாரைப் (ஏ.சி.எல்.) பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை இங்கே தெரிவியுங்கள். அது அறுந்திருந்தால் தொடையின் பின்பக்கத் தசைக்கும் தனிப் பயிற்சி சேர்க்க வேண்டியிருக்கும்.