அப்பாவின் ஃபேட்டி லிவருக்கு எக்சோசோம் டிரிப் போடலாமா?

வைகைக்கரை:
அப்பாவுக்கு 58 வயது, ரொம்ப நாளாகச் சர்க்கரை உண்டு. ஸ்கேனில் கிரேடு 2 ஃபேட்டி லிவர் என்று வந்தது, கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் 9.2 கிலோபாஸ்கல். ஒரு தனியார் கிளினிக்கில் ஸ்டெம் செல்லில் (வேறு செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) இருந்து எடுத்த எக்சோசோமை டிரிப்பில் ஏற்றினால் கல்லீரல் பழையபடி ஆகிவிடும் என்கிறார்கள், ஒரு தவணைக்கே லட்சத்துக்கு மேல் ஆகுமாம். அப்பா நகையை அடகு வைத்தாவது போட்டுக்கொள்கிறேன் என்று நிற்கிறார். இது வேலை செய்யுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆய்வகத்தான்:
நான் வேலை பார்ப்பது இதே துறையில்தான். எக்சோசோம் என்பது செல் இல்லை, செல்கள் வெளியே விடுகிற 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ள நுண்பை, உள்ளே புரதமும், மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்என்ஏவும் இருக்கும். ஸ்டெம் செல்லால் வருகிற பலனில் பெரும்பங்கு அது சுரக்கிற பொருட்களால்தான் என்ற எண்ணம் வலுப்பட்ட காலத்தில், 2010-ல், சிங்கப்பூரில் சாய் கியாங் லிம் குழுவினர் எலிகளின் இதயப் பாதிப்பில் எக்சோசோமின் பலனைக் காட்டினார்கள். அப்புறம் கல்லீரலிலும் முயன்றார்கள், கொழுப்புத் தீனி கொடுத்து நோய் வரவழைத்த எலிகளில் அழற்சியும் தழும்பும் குறைந்தன. ரத்தத்தில் ஏற்றினால் பெரும்பகுதி கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும்தான் போகிறது, அதனால் இந்த நோய்க்கு இது பொருத்தமான வழி என்றே நான் நம்புகிறேன்.

ஆனால் எலிக்குச் சில மாதங்களில் வரவழைத்த நோயும் உங்கள் அப்பாவுக்குப் பல வருடமாகச் சேர்ந்த நோயும் ஒன்றல்ல. தயாரிப்பும் இன்னும் சீராகவில்லை. செல் வளர்த்த திரவத்தை ஒரு லட்சம் ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல லட்சம் மடங்கு) சுற்றினால் குழாயின் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு படலம் ஒட்டியிருக்கும், அதில் எக்சோசோமோடு வேண்டாத புரதமும் கலந்திருக்கும், ஒரே ஆளின் செல்லில் இருந்து எடுத்தாலும் இந்த முறை வந்ததும் அடுத்த முறை வருவதும் ஒத்துப்போகாது. அந்த கிளினிக்காரர்களிடம் பாட்டிலில் எத்தனை துகள், யார் சோதித்தது என்று கேளுங்கள், தாளில் எழுதிக் கொடுக்கட்டும்.

மலர்விழி அக்கா:
தம்பி, நகையை அடகு வைக்க விடாதீர்கள். அமெரிக்காவில் நெப்ராஸ்காவில் எக்சோசோம் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குக் கடுமையான பாதிப்பு வந்து, 2019 டிசம்பரில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பகிரங்கமாக எச்சரித்தது. நம் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி ஸ்டெம் செல் சிகிச்சைக்கு அனுமதி உள்ளது ரத்தம் சார்ந்த சில நோய்களுக்குத்தான், மற்றதெல்லாம் ஆராய்ச்சியாக மட்டுமே நடக்க வேண்டும், ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. இவர்கள் லட்சம் கேட்கிறார்கள் என்பதிலேயே பதில் இருக்கிறது.

வைகைக்கரை:
நன்றி அக்கா. அப்படியானால் வேறு என்னதான் செய்வது? ரத்த ரிப்போர்ட்டில் கல்லீரல் நொதிகளான ஏஎஸ்டி 48, ஏஎல்டி 62, பிளேட்லெட் 1.9 லட்சம்.

ஆய்வகத்தான்:
இந்த எண்களையும் வயதையும் வைத்து ஃபிப்-4 (கல்லீரலில் தழும்பு இருக்குமா என்று கணிக்கும் எண்) போட்டால் 1.86 வருகிறது. 1.3-க்குக் கீழே இருந்தால் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை, இவருக்கு அதைத் தாண்டிவிட்டது, ஃபைப்ரோஸ்கேனும் 8-க்கு மேல். தழும்பு விழ ஆரம்பித்திருக்கலாம், அதனால் கல்லீரல் நிபுணரை உடனே பாருங்கள். உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் அழற்சி தணியும் என்பது மனிதர்களிலேயே பார்த்த விஷயம், 80 கிலோ ஆள் என்றால் 6 முதல் 8 கிலோ. இந்த நோய்க்கு அனுமதி பெற்ற மருந்தும் இருக்கிறது: அமெரிக்காவில் 2024-ல் ரெஸ்மெடிரோம், 2025-ல் செமாகுளுடைடு, இந்தியாவில் 2020-லேயே சரோகிளிடசார். சர்க்கரை இருப்பதால் எது அப்பாவுக்குச் சரி என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, ஃபைப்ரோஸ்கேன் எடுக்கும் முன் மூன்று மணி நேரமாவது வெறும் வயிற்றில் இருந்தாரா? சாப்பிட்டுவிட்டு எடுத்தால் எண் கூடுதலாகக் காட்டும். அப்படி எடுத்திருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லி, மறுபடி எடுத்துப் பாருங்கள்.