மே மாத நண்பகல் வெயில் தெற்கிலா, வடக்கிலா?

கன்னங்குறிச்சியான்
முற்றத்தில் நிழலும் திறந்தவெளியும் அமைப்பது குறித்து அஸ்தம்பட்டி நண்பர் நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இரவு உறக்கம் வரவில்லை. பந்தலைத் தெற்கு ஓரத்தில் போட்டு, அதற்கு வடக்கே இருக்கைகளை வைத்தால் ஆண்டு முழுவதும் நிழல் கிடைக்குமாம். எந்த ஊர் ஆண்டு என்று அவர் சொல்லவில்லை. சேலம் 11.65 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் 20 வாக்கில் உச்சிச் சூரியன் நம் தலைக்கு நேராக வந்துவிடுகிறது; அதற்குப் பிறகு ஏறக்குறைய ஆகஸ்ட் 22 வரை நண்பகலில் அது நமக்கு வடக்கேதான் நிற்கிறது. கத்திரி வெயிலில் அவருடைய பந்தல் நிழல் தெற்கு மதிலோடு ஒதுங்கிக்கொள்ளும். இருக்கையில் அமர்ந்தவர் அப்பளம்போல் பொரிவார்.

அஸ்தம்பட்டி மேஸ்திரி
ஐயா, நான் 22 ஆண்டுகளாக வீடு கட்டிக் கொடுப்பவன். என் வீட்டுத் தெற்குத் திண்ணையில் மார்கழி வெயில் சுவர் வரைக்கும் ஏறுகிறது. வடக்குத் திண்ணையில் அந்த வெயில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சூரியன் தெற்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? பாகைக் கணக்கு போடுகிறவர் ஒரு பந்தக்காலாவது நட்டிருக்கிறாரா?

கன்னங்குறிச்சியான்
மார்கழியில் நிழல் தேடுகிறவரை நான் இதுவரை கண்டதில்லை. தை பிறந்தால் சூரியன் வடக்கு நோக்கி நகர்வதை உத்தராயணம் என்று நம் பாட்டிமார் அறிந்திருந்தார்கள். அவர்கள் யாரும் ஒப்பந்தம் எடுத்து வீடு கட்டவில்லை. 10 அடிச் சுவரின் நண்பகல் நிழல் டிசம்பர் 22 அன்று வடக்கே 7 அடி விழும், ஜூன் 21 அன்று தெற்கே 2 அடி விழும். மே மாதத்தில் சூரியன் வடக்கே. திரும்பவும் எழுதுகிறேன், வடக்கே.

அம்மாபேட்டை வேப்பமரம்
அண்ணன்மார் இருவரும் நண்பகலையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். மே மாத நண்பகலில் முற்றத்தில் அமர்வது காயப்போட்ட வற்றல் மட்டும்தான். மனிதர்கள் வந்து உட்காரும் நான்கு மணிக்குச் சூரியன் மேற்கில், சற்றே வடக்கு ஒட்டி நிற்கிறது. அப்போது 10 அடி உயரத்துக்கு ஏறக்குறைய 14 அடி நிழல் கிழக்கே நீள்கிறது. மேற்கு மதில் ஓரம் ஒரு புங்கன், அதற்குக் கிழக்கே கல் இருக்கை, மிச்சத்தை மண்ணாகவே விட்டு மாலையில் நீர் தெளித்தால் எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. முழுக்கச் சிமெண்ட் பூசினால், பகலில் வாங்கிய சூட்டை அந்தத் தரை இரவு எட்டு மணி வரை திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மேலும், சில ஆண்டுகளுக்கு முன் கன்னங்குறிச்சி அண்ணன் பேச்சைக் கேட்டுத் தூங்குமூஞ்சி மரம் வைத்த என் நாத்தனார் வீட்டில் வேர் நடைபாதையைத் தூக்கிவிட்டது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

கன்னங்குறிச்சியான்
தூங்குமூஞ்சியை ஏரிக்கரைக்கும் அகலமான சாலையோரத்துக்கும்தான் பரிந்துரைத்தேன், மூன்று சென்ட் மனைக்கு அல்ல. குடைபோல் விரியும் மரத்தை மதிலோரம் நட்டது என் குற்றமாகாது. புங்கனும் பங்குனி வாக்கில் இலை உதிர்த்துத்தான் துளிர்க்கும் என்பதை அம்மா வசதியாக மறந்துவிட்டார். அது கிடக்கட்டும். நண்பகல் வெயில் வடக்கே என்பதை மேஸ்திரி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

நாகலூர் காப்பிக்காரன்
ஏற்காட்டில் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பவனுக்கு உங்கள் சண்டை வேடிக்கையாக இருக்கிறது. இங்கே நிழல் கூடினால் பாசி பிடிக்கும். காப்பிச் செடிக்கே வடிகட்டிய வெயில் வேண்டும் என்பதால் சில்வர் ஓக் கிளைகளைக் கழித்துவிடுகிறோம். குளிர்காலத்தில் மனிதர் அமரும் இடம் தெற்கே திறந்திருப்பது நல்லது.

அஸ்தம்பட்டி மேஸ்திரி
மலைக்காரரே தெற்கு என்று சொல்லிவிட்டார். இதற்கு மேல் என்ன இருக்கிறது?

நாகலூர் காப்பிக்காரன்
நான் சொன்னது குளிர்காலத்தை, ஐயா. வார இறுதிக்கு மட்டும் ஏறி வந்து, மரத்தை வெட்டித் தகரக் கொட்டகை போட்டு, அதன் கீழே வெந்துகொண்டு 'ஏற்காடு முன்போல் இல்லை' என்று பெருமூச்சு விடும் உங்கள் ஊர்க்காரர்களின் வழக்கில் என்னைச் சாட்சியாக இழுக்க வேண்டாம்.

கன்னங்குறிச்சியான்
இன்று மே 10. மேஸ்திரி தம் முற்றத்தில் 10 அடி மூங்கில் ஒன்றை நட்டு, நண்பகலில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து எழுதட்டும். நம் ஊரில் உச்சி சரியாக 12 மணிக்கு வருவதில்லை, இன்று 12.14 வாக்கில் வரும்.

அஸ்தம்பட்டி மேஸ்திரி
நட்டுப் பார்த்தேன். தெற்கே ஓர் அடி நிழல் விழுந்தது. மூங்கில் தெற்குப் பக்கம் சாய்ந்திருந்ததே அதற்குக் காரணம்.

கன்னங்குறிச்சியான்
22 ஆண்டுகளாக வீடு கட்டுகிறவரிடம், நேராக நிற்கிறதா என்று பார்க்க ஒரு தூக்குக்குண்டு இல்லையா?

அஸ்தம்பட்டி மேஸ்திரி
இருக்கிறது. வேலை நடக்கும் இடத்தில் இருக்கிறது. நாளை பார்க்கலாம் என்றால் மேகம் போட்டிருக்கிறது.

அம்மாபேட்டை வேப்பமரம்
என் நாத்தனார் வீட்டு நடைபாதைக்கு இன்னும் பதில் வரவில்லை.