மெனோபாஸுக்குப் பின் ஈஸ்ட்ரோஜன்: எழுதிக்கொடுக்கலாமா, கூடாதா?

தேன்மொழி: மாதவிடாய் நின்றபின் உடம்பு தகிக்கிறது, தூக்கமில்லை என்று வருபவர்களுக்கு மறுபடி தாராளமாக ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை எழுதுகிறார்கள். நான் எதிர்க்கிறேன். இது கருப்பை உள்சவ்வில் புற்றுநோயைக் கூட்டும் என்று 1975லேயே ஆய்வுகள் வந்துவிட்டன.

இளங்கோ: மேடம், அவை, உள்சவ்வு வளர்ச்சியை அடக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனின் துணையில்லாத ஈஸ்ட்ரோஜனைப் பற்றியவை. மெனோபாஸுக்குப் பிந்தைய ஹார்மோன்களைச் சோதித்த அமெரிக்க பெப்பி (PEPI) ஆய்வைப் பாருங்கள். தினம் 0.625 மி.கி. ஈஸ்ட்ரோஜன் மட்டும் 3 ஆண்டு எடுத்தவர்களில் 34% பேருக்கு உள்சவ்வு அபாயகரமாகத் தடித்தது. மாதம் 12 நாள் 200 மி.கி. புரோஜெஸ்டிரோன் சேர்த்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. கருப்பை இருந்தால் இரண்டும் சேர்த்துத்தான், அவ்வளவே.

தேன்மொழி: சீட்டில் சேர்த்துத்தான் இருக்கும். வீட்டில்? உடம்புச் சூட்டைத் தணிக்கும் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லை ஒருநாளும் மறக்க மாட்டார்கள். புரோஜெஸ்டிரோன் மாத்திரை தலை சுற்றுகிறது, வயிறு உப்புகிறது என்று நின்றுபோகும். நிறுத்தினால் உடனே எதுவும் தெரியாது. சவ்வு மட்டும் வளர்ந்துகொண்டிருக்கும். ஜெல் அளவைக் கூட்டிவிட்டு மாத்திரையைப் பழைய அளவிலேயே விடுவதும் நடக்கிறது.

இளங்கோ: உண்மைதான். அதனால்தான் படுக்கப் போகும்போது போடச் சொல்கிறோம். அந்த மயக்கம் தூக்கத்துக்கு உதவும். மாத்திரையே ஒத்துவராதவருக்கு 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரெல் (புரோஜெஸ்டிரோன் வகை மருந்து) உள்ள கருப்பைச் சாதனம் இருக்கிறது. மறக்க வழியில்லை.

தேன்மொழி: சரி, கருப்பை எடுத்தவர்? ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும் என்பீர்கள். அமெரிக்காவின் பெரிய பெண்கள் நல ஆய்வான டபிள்யூஎச்ஐயின் (WHI) நீண்டகாலக் கண்காணிப்பு 2024ல் வந்தது. தனி ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களுக்கு ஓவரி (சினைப்பை) புற்றுநோய் ஏறத்தாழ இரு மடங்கு.

இளங்கோ: மடங்கைச் சொன்னால் எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். 2015ல் லான்செட் மருத்துவ இதழில் 52 ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு: 50 வயதிலிருந்து 5 ஆண்டு ஹார்மோன் எடுத்தால் 1000 பேரில் கூடுதலாக ஒருவருக்கு. அதே டபிள்யூஎச்ஐயில் தனி ஈஸ்ட்ரோஜன் பிரிவில் மார்பகப் புற்றுநோய் குறைந்தது.

தேன்மொழி: ஓவரி புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடிக்க நம்பகமான பரிசோதனை கிடையாது. அந்த ஒருவரைச் சிறிய எண் என்று நான் தள்ள மாட்டேன். குடும்பத்தில் ஓவரி, மார்பகப் புற்றுநோய் இருந்ததா என்று கேட்காமல் எழுதவே கூடாது.

வெண்ணிலா: யோனியில் வைக்கும் 10 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையையும் இதில் சேர்க்கிறீர்களா?

இளங்கோ: இல்லை. இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு, புரோஜெஸ்டிரோன் வேண்டாம். ஆனால் கருப்பை எடுத்தவர்களில் எண்டோமெட்ரியோசிஸ் (உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) இருந்தவர், கருப்பைக் கழுத்தை விட்டுவைத்து அறுவை செய்தவர் விஷயம் வேறு. உள்சவ்வின் மிச்சத் திசு இருக்கலாம் என்பதால் கருப்பை எடுத்திருந்தாலும் புரோஜெஸ்டிரோன் பற்றி யோசிக்க வேண்டும்.

தேன்மொழி: இதில் உடன்படுகிறேன். எதை எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி, மாதாந்திர புரோஜெஸ்டிரோன் நாட்கள் முடிந்ததும் எதிர்பார்த்தபடி வருவதைத் தவிர, மெனோபாஸுக்குப் பின் துளி இரத்தம் பட்டாலும் யோனிவழி ஸ்கேன். சவ்வு 4 மி.மீ.க்கு மேல் என்றால் பயாப்ஸி (திசு எடுத்துச் சோதிப்பது). 4க்குள் இருந்தும் இரத்தம் திரும்ப வந்தால், அப்போதும் பயாப்ஸி.