கருத்துப் புரிதலைச் சோதிக்கும் வினாக்கள் தமிழில் தேவை: ஆசிரியர் பயிலரங்குக்கு உதவி வேண்டுகிறேன்

குழுவினருக்கு வணக்கம். எங்கள் கலை அறிவியல் கல்லூரியில் சிறப்புரைகளுக்குக் குறைவில்லை; பொன்னாடை போர்த்தக் கிடைக்கும் நேரம் கேள்வி கேட்கத்தான் கிடைப்பதில்லை. எனவே, ஹார்வர்டு இயற்பியலாளர் எரிக் மசூர் 1990களில் வளர்த்தெடுத்த முறையை, அதாவது மாணவர் ஒரு வினாவுக்குத் தனியே விடையளித்து, அருகில் இருப்பவரோடு வாதிட்டு, மீண்டும் விடையளிக்கும் முறையை, ஆசிரியர்களே மாணவராக அமர்ந்து பழகும் அரைநாள் பயிலரங்கு ஒன்றை நடத்தவுள்ளோம்.

மேலே எறிந்த பந்து உச்சியைத் தொடும் கணத்தில் அதன் முடுக்கம் சுழியா என்பது போல, தவறான விடையும் நியாயமாகவே தோன்றும் வினாக்கள்தாம் இம்முறைக்கு உயிர். இயற்பியலிலும் பொருளியலிலும் இத்தகைய வினாக்களைத் தமிழில் தயாரித்தவர்கள் பகிர்ந்து உதவுமாறு வேண்டுகிறேன். நகர்த்த முடியாத பெஞ்சுகள் உள்ள பெரிய வகுப்பில் இதைச் செய்து பார்த்தவர்களின் யோசனையும் தேவை.