நிராகரிக்கும் கலைக்கூடங்களை இன்னும் எவ்வளவு காலம் நாடுவது?

நீலமை:
படிப்பு முடிந்த நாள் முதல், என் ஓவியங்களைத் தொடர்ந்து காட்சிக்கு வைத்து விற்றுத் தரக்கூடிய ஒரு கலைக்கூடத்தைத் தேடி வருகிறேன். பெரும்பாலான கடிதங்களுக்குப் பதிலே வருவதில்லை. வருகிற பதில்களிலும் "தங்கள் படைப்புகள் எங்கள் தற்போதைய திட்டங்களுடன் பொருந்தவில்லை" என்ற ஒரு வரிதான் இருக்கிறது. மறுப்பைத் தாங்கிக்கொள்ள முடிகிறது. காரணம் சொல்லப்படாத மறுப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. இப்போதெல்லாம் தூரிகையை எடுத்தவுடனே, இந்த நிறம் அவர்களுக்குப் பிடிக்குமா என்ற எண்ணம் முந்திக்கொண்டு வருகிறது. விண்ணப்பிப்பதைத் தொடரலாமா, நிறுத்திவிடலாமா?

தனிவழி:
நிறுத்திவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. நீங்கள் கடைசியாகச் சொன்ன விஷயம்தான் எனக்குப் பெரும் கவலை தருகிறது, ஏனென்றால் தேர்வாளரின் கண் ஓவியரின் கைக்குள் புகுந்துவிட்டால், அதன்பின் கிடைக்கும் அங்கீகாரம்கூட நம்முடையதாக இருக்காது. பல கலைக்கூடங்கள் விற்பனை விலையில் பாதியைக் கழிவாக எடுத்துக்கொள்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1863இல் பாரிஸ் சலோன் எனப்படும் பிரெஞ்சு அரசுக் கலைக் கண்காட்சியின் தேர்வுக்குழு, வந்த படைப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றைத் தள்ளியது. எதிர்ப்பு வலுத்ததால் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அவற்றுக்கெனத் தனிக் கண்காட்சி வைக்க உத்தரவிட்டார். ஓவியர் மானேயின் 'புல்வெளியில் விருந்து' அங்குதான் பார்வைக்கு வந்தது. அதற்குப் பின் 1874இல் மோனே, ரெனுவார், பிசாரோ, தெகா, பெர்த் மொரிசோ உள்ளிட்ட சுமார் 30 பேர் எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் சொந்தச் செலவில் கண்காட்சி நடத்தினார்கள். வாசலில் நின்றுகொண்டே காலத்தைக் கழித்திருந்தால் இம்ப்ரெஷனிசம் என்ற அந்த ஓவிய இயக்கமே உருவாகியிருக்காது.

கூடத்தார்:
நான் கலைக்கூடங்களில் தேர்வுப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால், அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கூடம் தன் கலைஞர்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது தனிக் கண்காட்சி வைக்க வேண்டியிருக்கும். ஆண்டில் ஆறேழு கண்காட்சிகளுக்கு மேல் நடத்த முடியாத இடத்தில், புதிதாக ஒருவரைச் சேர்ப்பது அரிதாகத்தான் நிகழும். ஆகவே "பொருந்தவில்லை" என்பது பெரும்பாலும் உண்மையாகவே இடமின்மையைக் குறிக்கிறது. உங்கள் ஓவியத்தின் தரத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. 1956இல், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் நன்கொடையாகக் கொடுத்த ஒரு காலணிச் சித்திரத்தை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இடப்பற்றாக்குறையைச் சொல்லித் திருப்பி அனுப்பியது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வரும் விண்ணப்பங்களில் கணிசமானவை ஓவியத்தைப் பார்ப்பதற்கு முன்பே தோற்றுவிடுகின்றன. வார்னிஷ் மேல் விளக்கொளி பளிச்சிட்டு நடுப்பகுதி வெளுத்துப்போன படம், கித்தானின் ஓரங்கள் வெட்டுப்பட்ட படம், அளவும் ஊடகமும் ஆண்டும் குறிக்கப்படாத கோப்பு, ஒரே உறையில் நிலக்காட்சியும் உருவப்படமும் அரூபமும் கலந்த தொகுப்பு என வந்தால், இவர் எதை நோக்கிப் போகிறார் என்பது எங்களுக்குப் புலப்படுவதில்லை. ஒரே தொடரிலிருந்து பத்துப் பன்னிரண்டு படங்கள் போதும். அதைவிட முக்கியமாக, அந்தக் கூடத்தின் கண்காட்சிகளுக்கு நேரில் போய், அங்கு எத்தகைய படைப்புகள் தொங்குகின்றன என்று பார்த்த பிறகு எழுதுங்கள்.

தனிவழி:
படங்களைப் பற்றிய அறிவுரை சரியானது, அதை ஏற்கிறேன். வார்ஹோல் கதையை மட்டும் ஏற்க முடியாது. பின்னாளில் புகழ் பெற்றவர்களின் நிராகரிப்பு மட்டுமே நம் காதுக்கு எட்டுகிறது. அதே காலத்தில் அதே பதிலைப் பெற்று, திறமை இருந்தும் மறைந்துபோனவர்களின் பெயர் எவருக்கும் தெரியாது. அந்தக் கதையை நம்பிக் காத்திருப்பவரின் ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? இடமில்லை என்பதுதான் உண்மையான காரணம் என்றால், அதையே இரண்டு வாக்கியங்களில் எழுதி அனுப்புவதில் கூடங்களுக்கு என்ன இழப்பு?

கூடத்தார்:
பதில் எழுதாமல் இருப்பதை நான் நியாயப்படுத்த மாட்டேன், அது மரியாதைக் குறைவுதான். ஆனால் நீங்கள் காட்டிய 1874 உதாரணத்தை முழுமையாகப் பார்க்க வேண்டும். அந்தக் கண்காட்சி நட்டத்தில் முடிந்தது. அதற்காக அமைத்த கூட்டுச் சங்கத்தை அந்த ஆண்டின் இறுதியிலேயே கலைத்தார்கள்; உறுப்பினர்கள் தலைக்கு 184.50 பிராங்க் கடனைச் சுமந்தார்கள். அவர்களுடைய ஓவியங்களை மொத்தமாக வாங்கி, முன்பணம் கொடுத்து, தாமும் கடனில் மூழ்கி, 1886இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்துச் சந்தையை உருவாக்கியவர் போல் துராங்-ருவேல் என்ற ஓவிய வணிகர். அதே 1874 குழுவில் இருந்த ஓவியர் செசானின் முதல் தனிக் கண்காட்சியை 1895இல் நடத்தியவரும் வொலார் என்ற வணிகர்தான். அப்போது செசானுக்கு 56 வயது.

தனிவழி:
துராங்-ருவேல் அந்த ஓவியர்களைத் தேடி வந்ததற்கு, அவர்கள் எவரையும் திருப்திப்படுத்த முயலாமல் வரைந்துகொண்டிருந்ததே காரணம் என்று நான் கருதுகிறேன். அப்படிப்பட்ட வணிகர் கிடைத்தால் பாதி விலையைக் கொடுப்பதில் எனக்கும் ஆட்சேபமில்லை. சுவரை மட்டும் தந்துவிட்டுப் பாதியை எடுப்பவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

செம்மண்:
நீலமை அவர்களுக்கு நடைமுறை சார்ந்து ஒன்று. விண்ணப்பம் எழுதும் நாளையும் வரையும் நாளையும் பிரித்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலைத் திறந்து பார்த்த காலையில் நான் கித்தான் பக்கம் போவதில்லை. இந்தச் சிறு ஏற்பாடு எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

நீலமை:
அனைவருக்கும் நன்றி. படங்களை மீண்டும் எடுத்து, நான் நேரில் போய்ப் பழகிய இரண்டு கூடங்களுக்கு மட்டும் எழுதுவதாக முடிவு செய்திருக்கிறேன். இதற்கிடையில் நண்பர்களுடன் சேர்ந்து ஒரு குழுக் கண்காட்சிக்கும் இடம் பார்க்கிறோம். யாராவது ஒப்புக்கொண்டால் ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

கூடத்தார்:
ஒப்படைக்கும் ஓவியங்களின் பட்டியலில் கையொப்பம் வாங்குங்கள். விற்ற எத்தனை நாளில் பணம் வரும், சட்டகச் செலவும் போக்குவரத்தும் யாருடையது, சேதமானால் யார் ஈடு செய்வது, வேறிடத்தில் நீங்கள் விற்கத் தடை உண்டா ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். வாங்குபவருக்குத் தள்ளுபடி கொடுத்தால் அது யார் பங்கிலிருந்து கழியும் என்பதைப் பலரும் கேட்கத் தவறுகிறார்கள்.

தனிவழி:
நீங்கள் நண்பர்களுடன் நடத்தும் குழுக் கண்காட்சியின் விற்பனையில் அந்தக் கலைக்கூடம் பங்கு கேட்கக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.