கொதிக்கிற தண்ணீரில் போடும் ஓட்டுத் துண்டுக்கு என்ன பெயர் வைக்கலாம்?

மடல் 1: ஆசிரியை, சேரன்மாதேவி பக்கம்

குழுவினருக்கு வணக்கம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக இருபது பக்கத்தில் ஒரு செய்முறைக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆவியாதல், கொதித்தல், கரைதல், மூன்றும்தான் பொருள். சொல்லுக்குப் பஞ்சம் வராது என்றுதான் உட்கார்ந்தேன். கரைபொருள், கரைப்பான், கரைதிறன், தெவிட்டிய கரைசல் எல்லாம் பாடநூலிலேயே பழகிப்போனவை. கல்லுப்பையும் தூளுப்பையும் இரண்டு தம்ளரில் போட்டு எது முந்திக் கரைகிறது என்று பார்ப்பது, 100 மில்லி தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்புக்கு மேல் எவ்வளவு கலக்கினாலும் அடியில் தங்கிவிடுவது, ஈரக் கைக்குட்டையை ஃபேனுக்கு அடியில் ஒன்றும் அலமாரிக்குள் ஒன்றுமாகக் காயப்போடுவது எல்லாம் ஒரே மூச்சில் எழுதி முடித்தாயிற்று.

கொதித்தலில் வந்து மாட்டிக்கொண்டேன்.

போன வாரம் புதுசாக வாங்கிய சோதனைக் குழாயில், காலையில் ஒருமுறை கொதித்து ஆறிய தண்ணீரையே மறுபடி ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். சத்தமே இல்லை. அடியில் ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை. வெப்பமானி 100-ஐத் தாண்டி இரண்டு கோடு மேலே நிற்கிறது. தப்பாக வாசிக்கிறோமோ என்று கிட்டே குனிந்தேன். டொப்பென்று பாதித் தண்ணீர் எகிறி மேசையிலும் என் புறங்கையிலும் விழுந்தது. முன்பெஞ்சுப் பையன் ஒருவன், "டீச்சர், தண்ணி துள்ளுது!" என்று கத்தினான். குழாயின் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தது நல்லகாலம்.

ஆங்கிலத்தில் இதை 'பம்ப்பிங்' (bumping) என்கிறார்கள். இது நடக்காமல் இருக்க உள்ளே போடும் சின்னத் துண்டு 'பாய்லிங் சிப்'. என் கையில் இருக்கும் பாடநூலில் இரண்டுக்குமே தமிழ் இல்லை. முதலாவதற்குத் 'திடீர்க் கொதிப்பு', இரண்டாவதற்குக் 'கொதிகல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே திருப்தியாக இல்லை. கொதிப்பு என்றதும் மாத்திரை டப்பாதான் ஞாபகம் வருகிறது.

மடல் 2: உடன்குடி

டீச்சருக்கு வணக்கம்.

இதற்கு எங்கள் பக்கம் வைத்தியம் உண்டும்மா. கருப்பட்டிக்குப் பதநீர் காய்ச்சும்போது ஒரு கட்டத்தில் நுரைத்துக்கொண்டு மேலே வரும். கொஞ்சம் அசந்தால் பாதி அடுப்புக்குப் போய்விடும். ஆமணக்கு முத்தை நசுக்கி ஒரு சிட்டிகை போட்டால் அப்படியே அடங்கிவிடும். அதனால் நீங்கள் கேட்கும் பொருளுக்குப் 'பொங்கடக்கி' என்று பெயர் வைக்கலாம். சுருக்கமாகவும் இருக்கிறது.

மடல் 3: பிறந்தது பாளையங்கோட்டை, இருப்பது பெங்களூரு

பொங்கடக்கி, கேட்கவே ஜோராக இருக்கிறது அண்ணாச்சி. ஆனால் டீச்சர் சொன்னதும் நீங்கள் சொல்வதும் ஒன்றுதானா?

'கொதிகல்' வேண்டாம் என்பது என் கட்சி. கொதிகலன் ஏற்கெனவே இருக்கிறது. 'கொதிகல்' என்று அச்சாகி வந்தால், கடைசி எழுத்தை அச்சகம் முழுங்கிவிட்டது என்று பிள்ளைகள் தாங்களாகவே 'ன்' போட்டுப் படிப்பார்கள்.

இன்னொரு சந்தேகம். அந்த வெப்பமானியை நம்பலாமா? பள்ளிக்கூட வெப்பமானி இரண்டு டிகிரி பொய் சொல்வது புதிதில்லை. 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி இறங்கும். மாஞ்சோலை மலைக்குப் போய்க் கொதிக்க வைத்தால் 100-க்கு மூன்று நான்கு டிகிரி முன்னாலேயே கொதித்துவிடும். சேரன்மாதேவியில் 102 என்பது இடிக்கிறதே.

மடல் 4: ஆசிரியை

சந்தேகம் நியாயம்தான் தம்பி. எனக்கும் அது உறுத்தியது. அதனால் நேற்று அதே வெப்பமானி, அதே குழாய், ஆனால் ஆறிய தண்ணீரில் முதலிலேயே ஓட்டுத் துண்டு இரண்டைப் போட்டுவிட்டு விளக்கைக் காட்டினேன். காருகுறிச்சிப் பானை, போன கோடையில் வகுப்பறை மூலையில் வைத்திருந்தது, ஒருத்தன் பந்தை எறிந்து உடைத்துவிட்டான். அந்த ஓடுதான். மிளகளவுக்கு உடைத்துக்கொண்டேன். துண்டின் முனையிலிருந்து ஊசி நூல் கோத்த மாதிரி குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. வெப்பமானி 100-லேயே நின்றது, அசையவில்லை. ஆக, வெப்பமானி பொய் சொல்லவில்லை. அன்றைக்குத் தண்ணீர்தான் கொதிக்க வேண்டிய சூட்டைத் தாண்டியும் கொதிக்காமல் ஏமாற்றிக்கொண்டிருந்தது.

காரணம் இதுதான். குமிழி உண்டாக ஒரு பிடிமானம் வேண்டும். புதுக் கண்ணாடி வழவழவென்று இருக்கிறது. கொதித்து ஆறிய தண்ணீரில் கரைந்திருந்த காற்றும் பெரும்பாலும் போய்விட்டது. தொடங்க இடமில்லாமல் சூடு மட்டும் ஏறுகிறது. கடைசியில் எங்கோ ஒரு குமிழி பிறந்ததும், சேர்ந்திருந்த சூடு முழுக்க ஒரே நொடியில் ஆவியாகி மேலிருக்கும் தண்ணீரைத் தூக்கி எறிகிறது. மெருகில்லாத சுட்ட மண்ணில் நுண்துளைகள் நிறைய. அவற்றுக்குள் தங்கியிருக்கும் காற்றுதான் குமிழிக்கு வித்து. வீட்டு உலையில் இந்தத் தொல்லை வருவதில்லை. பாத்திரத்தின் அடி சொரசொரப்பு, தண்ணீர் புதுசு, வாய் அகலம்.

உடன்குடி அண்ணாச்சி கோபிக்கக் கூடாது. நீங்கள் சொல்வது பொங்குதல். அங்கே குமிழி தாராளமாக வருகிறது, உடையாமல் நுரையாக அடுக்கிக்கொள்வதுதான் பிரச்சினை. ஆமணக்கின் எண்ணெய் அந்த நுரைப்படலத்தை உடைக்கிறது. இங்கே குமிழியே வரமாட்டேன் என்கிறது. ஒன்றுக்கு உடைக்கிற மருந்து, இன்னொன்றுக்குப் பிறப்பிக்கிற மருந்து. 'பொங்கடக்கி'யை நுரையடக்கும் பொருளுக்கே வைத்துக்கொள்வோம். கையேட்டில் பால் பொங்குவதற்கு ஒரு பெட்டிச் செய்தி போடுகிறேன், அங்கே உங்கள் சொல் வரும்.

இப்போது என் திருத்தம். பம்ப்பிங்குக்கு அந்தப் பையன் வாயில் வந்ததே போதும்: 'துள்ளுகொதி'. துண்டுக்குக் 'கொதிச்சில்லு'. ஓட்டாஞ்சில்லு தெரியாத பிள்ளை நம் பக்கம் உண்டா? தரையில் கட்டம் போட்டு நொண்டியடிக்க எறிவதும் அதுதான்.

மடல் 5: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தென்காசி

அன்புடையீர்,

இரண்டு தடை. ஒன்று, சில்லு என்பதைக் கணினிக்காரர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். இரண்டு, அந்த 'ச்' எங்கிருந்து வந்தது? கொதிநீர், கொதிநிலை, கொதிகலன் எல்லாம் வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. கொதிகலனைக் 'கொதிக்கலன்' என்று எவரும் எழுதுவதில்லை. அந்த வழியில் 'கொதிசில்லு' என்றுதான் வர வேண்டும். கலைச்சொல்லில் ஒற்றுப் பிழை வேண்டாம். 1938-லேயே நம் நெல்லையில் இருந்து சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் கலைச்சொல் தொகுதி அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் நாம்.

மடல் 6: பெங்களூரு

சில்லு பற்றி நான் சொல்கிறேன் சார்வாள், அது என் துறை. ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே 'சிப்'தான். உருளைக்கிழங்கு வறுவலுக்கும் அதேதான். யாரும் குழம்பிக் கணினியைக் கடித்துத் தின்றதில்லை. ஒற்று விவகாரத்தில் நான் தலையிடவில்லை.

மடல் 7: ஆசிரியை

ஐயாவுக்கு வணக்கம்.

ஒற்றை நான் கொஞ்சம் யோசித்துத்தான் போட்டேன். வினைத்தொகை என்று கொண்டால் 'கொதிக்கின்ற சில்லு' என்று விரியும். சில்லு கொதிப்பதில்லை, தண்ணீர்தான் கொதிக்கிறது. கொதிநீருக்கு அது பொருந்தும், சில்லுக்குப் பொருந்தாது. நான் எடுத்துக்கொண்டது பெயர்ச்சொல்லாக வரும் 'கொதி'. "ஒரு கொதி வந்ததும் இறக்கு", "உலை கொதி வந்துட்டா?" என்று அடுக்களையில் தினமும் சொல்கிறோமே, அந்தக் கொதி. கொதிக்கு உதவும் சில்லு கொதிச்சில்லு. வேற்றுமை உருபும் பயனும் சேர்ந்து மறைந்த தொகை, ஆகவே மிகும் என்று நினைத்தேன். துள்ளுகொதியில் 'துள்ளுகின்ற கொதி' என்றே விரிவதால் அங்கே ஒற்று போடவில்லை. தப்பிருந்தால் காதைத் திருகுங்கள்.

மடல் 8: தென்காசி

திருக வேண்டியதில்லை. கொதியைப் பெயராகக் கொண்டால் ஒற்று மிகும், சரிதான். நான் வினையாகவே வாசித்துவிட்டேன். அடுக்களைப் பக்கம் அதிகம் போகாத குறை. வீட்டம்மாவிடம் கேட்டேன், "கொதின்னா கொதிதான், இதுல என்ன வினை?" என்கிறாள்.

மடல் 9: ஆசிரியை

எல்லாருக்கும் நன்றி. கையேட்டில் இப்படிப் போகிறது, பார்த்துச் சொல்லுங்கள்:

"துள்ளுகொதி: நீர்மம் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறியும் குமிழி வராமல் இருந்து, பின் திடீரென்று எகிறிக் கொதிப்பது. கொதிச்சில்லு: துள்ளுகொதியைத் தடுக்க, சூடேற்றும் முன் போடும் மெருகில்லாத சுட்ட மண் துண்டு. சூடேறிய நீர்மத்தில் சில்லைப் போடக் கூடாது, போட்ட கையோடு எகிறும். ஒருமுறை கொதித்து ஆறியதும் துளைக்குள் நீர் புகுந்துவிடும். அடுத்த முறைக்குப் புதுச் சில்லு எடு."

பீங்கான் கோப்பை உடைசல் ஆகுமா என்று ஒரு பிள்ளை கேட்டாள். பளபளப்புப் பக்கம் உதவாது, உடைந்த விளிம்பு ஓரளவு உதவும் என்றேன். பானை ஓடே நல்லது. ஒரு வேண்டுகோள்: ஆதிச்சநல்லூர்ப் பக்கம் பள்ளிக்கூடம் இருப்பவர்கள் பொட்டலில் கிடக்கிற ஓட்டைப் பொறுக்கிக் குழாயில் போட்டுவிட வேண்டாம். அது பழங்காலத்து ஓடு, வேறு கணக்கு. காருகுறிச்சியில் சூளைக்குப் பக்கத்திலேயே உடைசல் குவிந்து கிடக்கும்.

இன்னும் ஒன்று பாக்கி. கொதிப்பதற்கு முன்னால் பாத்திரம் 'ஙொய்' என்று இரைகிறதே, அடியில் உண்டான ஆவிக்குமிழி மேலே குளிர்ந்த தண்ணீரில் பட்டு நசுங்குகிற சத்தம். அந்த நிலைக்கும் சொல் வேண்டும். 'இரைகொதி' என்று வைத்திருக்கிறேன். தென்காசி ஐயா ஒற்று பார்த்துச் சொல்லவும். உடன்குடி அண்ணாச்சி ஒரு பிடி ஆமணக்கு முத்து யாரிடமாவது கொடுத்துவிட்டால், பால் சோதனையையும் அடுத்த வாரமே செய்து பார்த்துவிடுவேன்.